தொட்டித் தண்ணீரை மாற்றத்தான் வேண்டுமா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நம் பள்ளியின் வரவேற்பறைக்குள் நுழைபவர் யாராயினும், அவர் கண்ணில் முதலில் படுவது சுவரோரம் இருக்கும் மீன்தொட்டிதான். முதல் நாள் அழுதுகொண்டே வரும் எல்.கே.ஜி. குழந்தையின் அழுகை அந்தத் தொட்டியின் முன்தான் நிற்கும். கட்டணம் கட்டக் காத்திருக்கும் தந்தையரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பர். மதிப்பெண் குறைந்ததற்காகப் பெற்றோரோடு மதரைக் காண வந்து, கால் நடுங்க அங்கே நின்ற அனுபவம் எங்களுக்கும் உண்டு. அப்போதெல்லாம் எங்களுக்கு ஆறுதல் தந்தவை அந்தத் தங்கமீன்களே.

அந்தத் தொட்டியின் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பில் எங்கள் நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளாக அதைக் கவனித்து வருகிறோம். ஆகவே மீன்தொட்டித் தண்ணீரை முறையாக மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியில் கருத்துச் சொல்ல எங்களுக்குச் சிறிது உரிமை உண்டு என்று எண்ணுகிறோம். சிறிது குற்றவுணர்வும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்பவர்கள் நம் பள்ளியிலேயே பலர். “பழகிய தண்ணீரே மீனுக்கு நல்லது, புதுத் தண்ணீர் பட்டால் செத்துவிடும்” என்பது ஒரு சாரார் கட்சி. “ஊர்க் குளத்தில் யார் வாரம்தோறும் தண்ணீர் மாற்றுகிறார்கள்?” என்பது இன்னொரு சாரார் கட்சி. “குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் நகரத்தில் மீனுக்கு வாரம் ஒரு குளியலா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றும் தட்டிக்கழிக்கக் கூடிய பேச்சுகள் அல்ல. சென்ற ஆண்டு நடந்ததைப் பார்த்தால் முதல் கட்சிக்கே வெற்றி என்றுகூடத் தோன்றும்.

நடந்தது இதுதான். தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். மணலும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஏழு தங்கமீன்களும் இரண்டு கௌராமிகளும் இருந்தன. ஜூன் மாதம் தொட்டி வந்தபோது, “மீனுக்கும் நல்ல தண்ணீரே கொடுப்போம்” என்று நாங்கள் பெருமையோடு கேன் தண்ணீர் வாங்கி நிரப்பினோம். வற்றிய போதெல்லாம் கேன் தண்ணீரே ஊற்றினோம். எட்டு மாதம் ஒரு குவளைத் தண்ணீர்கூட வெளியே எடுக்கவில்லை. தண்ணீரோ கண்ணாடி போல் தெளிவாகவே இருந்தது! போகிற வருகிற பிள்ளைகள் பிஸ்கட் தூளும் முறுக்குத் துண்டும் போட்டார்கள். நாங்களும் கண்டும் காணாதது போல் இருந்தோம்.

பிப்ரவரியில் ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் வரவேற்பறையில்தான் அமர்வார் என்றதும் எங்களுக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. முதல்நாள் மாலை ரப்பர் குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை உறிஞ்சி எடுத்தோம். மணலைக் கிளறினோம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஆயாம்மா ஊற்றினார்கள். இரவு ஏழு மணிக்கு எல்லாம் பளபளவென்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு தங்கமீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. ஏழாவது, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கௌராமிகள் இரண்டும் தப்பின. அவை மேலே வந்து காற்றையே நேராக உட்கொள்ளக் கூடியவை என்பதைப் பின்னரே அறிந்தோம். எல்.கே.ஜி. குழந்தைகள் கொய்யா மரத்தடியில் குழி தோண்டி, ஈர்க்குச்சியில் சிலுவை செய்து நட்டு, ஆறையும் அடக்கம் செய்தார்கள். அன்று மாலையே தொட்டியில் ஓர் அட்டை ஒட்டப்பட்டது: “தண்ணீரைத் தொடாதீர்.”

புதுத் தண்ணீர் ஊற்றினார்கள், மீன் செத்தது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர். சென்னையில் வண்ணமீன் என்றாலே கொளத்தூர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர் செய்தி கேட்டு ஒரு சிறு பெட்டியோடு வந்தார். உள்ளே சொட்டு மருந்து போன்ற புட்டிகளும் வண்ண அட்டைகளும் இருந்தன. “பழைய தண்ணீர் கொஞ்சமாவது இருக்கிறதா?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

இருந்தது. கெபியைச் சுற்றியுள்ள குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றலாம் என்று ஆயாம்மா ஒரு வாளி எடுத்து வைத்திருந்தார்கள். நாங்கள் சாக்கடையில் கொட்டிவிடத்தான் இருந்தோம். அந்த ஒரு வாளி இல்லையென்றால் இக்கட்டுரையே இல்லை.

பழைய தண்ணீரில் சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வந்தது. பி.எச். அளவு 6. குழாய்த் தண்ணீரில் நீலம் வந்தது, 7.8. தொட்டியில் கலந்து நின்ற தண்ணீர் 7.6. பிறகு அம்மோனியாவுக்கான சொட்டை வாளித் தண்ணீரில் விட்டார். கரும்பச்சையாக மாறிற்று. “மீனைக் கொன்றது புதுத் தண்ணீர் இல்லைம்மா, எட்டு மாசப் பழைய தண்ணீர்தான் கொன்றது” என்றார் அவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் சொன்னதையும், பின்னர் அறிவியல் டீச்சர் விளக்கியதையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறோம். பத்தாம் வகுப்பு வேதியியல் படிப்போர் கவனிக்கவும். தேர்வில் வராது, ஆனால் பயன்படும்.

நம் உடல் புரதக் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீனோ பெரும்பாலும் அம்மோனியாவாகவே, அதுவும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. அதாவது மூச்சுவிடும் வாசலே கழிவு வாசலும். தின்னாமல் அழுகும் முறுக்குத் துண்டும் அம்மோனியாவைத்தான் தருகிறது. இந்த நஞ்சை மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் பொல்லாதது. அது மீனின் இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க முடியாத பழுப்பு இரத்தமாக்கிவிடும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. இந்த நுண்ணுயிர் வேலையை ரஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி வெளிப்படுத்தினார். இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்பது 2015இல்தான் தெரியவந்தது. ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீரில் இன்னும் எத்தனை புதுமைகள் ஒளிந்திருக்கின்றனவோ!

நைட்ரேட் வரை வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். வடிகட்டி இருக்கிறதே, பிறகு எதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் வடிகட்டி துடைப்பம் போல் குப்பையை வெளியே தள்ளுவதில்லை. குப்பையின் உருவத்தை மாற்றுகிறது, அவ்வளவே. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதித்து வற்றுகிறது, வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், மீண்டும் வற்றுகிறது. எத்தனை முறை ஊற்றினாலும் உப்பு போய்விடுமா? ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. எட்டு மாதம் நாங்கள் செய்தது இந்தச் சாம்பார் வேலைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போதெல்லாம் தண்ணீரில் சிறிது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தை ஈடுகட்டுவது தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட் உப்புகள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அந்த வகைதான். கேன் தண்ணீரில் அது மிகக் குறைவு. “நல்ல தண்ணீர்” என்று பெருமையோடு ஊற்றினோம் அல்லவா? அந்த நல்ல தண்ணீருக்கு அமிலத்தைத் தாங்கும் வலிமை இல்லை. ஆகவே மாதக்கணக்கில் தண்ணீர் மெல்ல மெல்லப் புளித்தது. பி.எச். 6 அளவுக்கு இறங்கியதும், அமிலம் தாளாமல் பாக்டீரியாக்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. அதன் பிறகு அம்மோனியா சேரத் தொடங்கிற்று.

அப்படியானால் மீன்கள் அப்போதே ஏன் சாகவில்லை? அமிலத் தண்ணீரில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியம் அயனியாக அடங்கிக் கிடக்கிறது. அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. தூங்கும் பாம்பு போல. பி.எச். ஒவ்வோர் எண் ஏறும்போதும் அதில் நஞ்சாக விழித்துக்கொள்ளும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. நாங்கள் ஒரே மாலையில் 6லிருந்து 7.6க்கு ஏற்றிவிட்டோம். கணக்கிட்டுப் பார்த்தால் நஞ்சின் பங்கு ஏறக்குறைய 40 மடங்கு. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டதால் 20 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீரை ஊற்றி, தூங்கிய பாம்பைத் தட்டி எழுப்பினோம்.

இப்போது சொல்லுங்கள், தோழியரே. “புதுத் தண்ணீர் பட்டால் மீன் செத்துவிடும்” என்று பெரியவர்கள் சொல்வது பொய்யா? பொய்யன்று. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். நீண்ட நாள் மாற்றாத தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் மீன் சாகும். ஆனால் அதிலிருந்து “மாற்றவே கூடாது” என்ற முடிவுக்கு வருவது, ஆண்டு முழுதும் படிக்காதவள் தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்து மயங்கி விழுந்ததைப் பார்த்து, “படிப்பதே உடம்புக்குக் கெடுதல்” என்று சொல்வதைப் போன்றது. (இந்த உவமை எங்கள் சொந்த அனுபவம் அன்று என்று வீட்டாருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.)

இனி, குளத்துக்காரர்கள் கட்சிக்கு வருவோம். குளத்தில் யாரும் தண்ணீர் மாற்றுவதில்லை என்பது உண்மையன்று. வானம் மாற்றுகிறது. மழைக்காலத்தில் வரத்துக் கால்வாயில் வெள்ளம் வந்து, ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்தோடுகிறதே, அதற்கு என்ன பெயர்? புதுத் தண்ணீர் வரும்போது ஏரிமீன்கள் ஓட்டத்தை எதிர்த்துத் துள்ளி ஏறுவதைக் கிராமத்துத் தோழியர் பார்த்திருப்பார்கள். மேலும் ஒரு கெண்டைக்கு ஏரியில் எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர்! அடிச்சேற்றில் காற்றுப் புகாத இடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடுகின்றன. தாமரையும் பாசியும் மீதியை உறிஞ்சிக்கொள்கின்றன. நம் தொட்டியில் வெள்ளமும் இல்லை, சேறும் இல்லை. இருந்தது ஒரு பிளாஸ்டிக் தாமரை.

குளத்தையே கண்ணாடிக்குள் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் இரண்டே இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வளர்த்து, 1850இல் அதைப் பற்றி எழுதினார். மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில் வருமே, அதே வாலிஸ்னேரியாதான். முதலில் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று சரிசெய்தன. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் சமநிலைத் தொட்டி என்ற எண்ணம் அப்படித்தான் பரவிற்று. நம் காலத்திலும் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் என்பவர், அடியில் மண் இட்டு, செடிகளை அடர்த்தியாய் வளர்த்து, மீன்களைக் குறைவாய் விட்டால், அரிதாகத் தண்ணீர் மாற்றினால் போதும் என்று 1999இல் வெளியிட்ட நூலில் விளக்குகிறார். அதை நாங்கள் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட தொட்டி வைத்திருக்கும் தோழி யாரேனும் இருந்தால் அவளுக்கு எங்கள் கருத்து அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் நம் வீடுகளில் இருப்பவை எத்தகைய தொட்டிகள்? நீலக் கூழாங்கல், குமிழி விடும் புதையல் பெட்டி, ஒரு சாண் தண்ணீரில் பத்துத் தங்கமீன். இவற்றை வைத்துக்கொண்டு சமநிலை பேசுவது சரியா?

மூன்றாவது கட்சியே எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. நாங்கள் சிறுமியராய் இருந்த 2019ஆம் ஆண்டின் கோடையை யாரும் மறக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. நள்ளிரவில் லாரி வரும் என்று அம்மாமார் தெருவில் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் இரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. தண்ணீர் இரயிலில் வந்த நகரத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, “வாரம்தோறும் தண்ணீரைக் கொட்டுங்கள்” என்று எழுத எங்கள் பேனா கூசத்தான் செய்கிறது.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொட்டியில் கால் பங்கு என்பது ஏறக்குறைய 22 லிட்டர். ஒன்றரைக் குடம். பழைய மாதிரிக் கழிப்பறைத் தொட்டியை இரண்டு முறை இழுத்துவிட்டால் போகும் தண்ணீர் அது. அதுவும் வீணாவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட், செடிக்கு உரம். உழவர்கள் காசு கொடுத்து யூரியா வாங்கி மண்ணுக்குத் தருவதும் இந்தத் தழைச்சத்துக்காகத்தான். ஜூன் முதல் கெபித் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடிகளும், சமையலறைப் பக்கத்துக் கறிவேப்பிலையும் இந்தத் தண்ணீரையே குடித்து வளர்கின்றன. எப்படியும் அவற்றுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர், வழியில் மீன்தொட்டியில் ஒரு வாரம் தங்கிப் போகிறது. (மீனுக்கு நோய் என்று கல்லுப்புப் போட்ட வாரம் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.) குடிக்கத் தண்ணீர் இல்லாத காலம் மீண்டும் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், அப்போது மீன்களைக் குறைத்துக்கொள்ளலாம், தீனியைக் குறைத்துக்கொள்ளலாம் என்போம். மனிதருக்கு இல்லாத தண்ணீரை மீனுக்குக் கேட்க மாட்டோம்.

அது என்ன கால் பங்கு என்று கேட்பீர்கள். இங்கே கணக்கு டீச்சருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. வாரத்துக்கு 10 அலகு நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றவே இல்லையென்றால் முப்பது வாரத்தில் 300. வாரம் கால் பங்கு மாற்றினால், முக்கால் பங்கு மீதி நிற்கும், அதோடு 10 சேரும், அதிலும் முக்கால்... இது முடிவிலாப் பெருக்குத் தொடர் அல்லவா? முதல் உறுப்பு 10, பொது விகிதம் முக்கால், கூடுதல் 40. எத்தனை ஆண்டு ஆனாலும் 40ஐத் தாண்டாது! பாதியை மாற்றினால் 20. பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் 100 வரை ஏறும். தங்கமீன் தொட்டியில் 40 அலகுக்குள் வைத்திருந்தால் போதும் என்பது வளர்ப்பவர்களின் பொது வழக்கம். “இந்தத் தொடரெல்லாம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும்?” என்று கடைசி இருக்கையிலிருந்து கேட்டவளும் எங்கள் நால்வரில் ஒருத்திதான். இப்போது அவளே தொட்டிக் கணக்கு எழுதுகிறாள்.

மதரிடம் கெஞ்சி, இந்த ஜூன் முதல் டிசம்பர் வரை மட்டும் சோதனையாக அனுமதி வாங்கினோம். பிப்ரவரிக்குப் பின் யாரும் தொடாத தண்ணீரை எடுத்த எடுப்பில் கால் பங்கு மாற்றவும் அஞ்சினோம். பழைய கதை மீண்டும் நடந்தால் என்ன செய்வது? முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினோம். அதன் பிறகே சனிக்கிழமைதோறும் கால் பங்கு. குழாய்த் தண்ணீரை முந்தின நாளே வாய் அகன்ற வாளியில் திறந்து வைப்போம். குளோரின் இருந்தால் ஆவியாகிவிடும், சூடும் தொட்டியோடு ஒத்துவிடும். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருந்தால் மீன்கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்புச் சொட்டு விடவேண்டும். பஞ்சு வடிகட்டியைக் குழாயில் அலசாமல், எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுவோம். இல்லையேல் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் குளோரினில் மடிந்துபோகும். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் ஆகும்.

தப்பிப் பிழைத்த அந்த ஒற்றைத் தங்கமீன் இன்று கைவிரல் நீளம் வளர்ந்திருக்கிறது. கௌராமிகளும் நலம். பி.எச். 7.6லேயே நிற்கிறது. அம்மோனியாச் சொட்டு விட்டால் மஞ்சளாகவே இருக்கிறது. ஒரு தொட்டியில், மூன்று மீனில் செய்த சோதனை பெரிய ஆராய்ச்சி ஆகிவிடாது என்பதை அறிவோம். முன்பு ஒன்பது மீன், இப்போது மூன்று, தீனியும் குறைவு, ஆகவே எல்லாப் புகழையும் தண்ணீர் மாற்றத்துக்கே கொடுத்துவிட முடியாது. அறிவியல் டீச்சர் இதைச் சுட்டிக்காட்டியபோது எங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

இப்போது பெற்றோர் சிலர் அன்போடு நான்கடித் தொட்டி ஒன்று வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கடையில் “இந்த வடிகட்டியைப் போட்டால் தண்ணீரே மாற்ற வேண்டாம்” என்று சொல்லி, தொட்டியைவிட அதிக விலைக்கு வடிகட்டி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பெற்றோருக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்: அந்தப் பணத்தில் இரண்டு வாளி, ஒரு ரப்பர் குழாய், ஒரு சோதனைப் பெட்டி வாங்குங்கள். மீதிப் பணத்தை நூலகத்துக்குத் தந்துவிடலாம்.

முதலில் சொன்ன அந்தக் குற்றவுணர்வுக்கு இப்போது வருகிறோம். மீன்கள் செத்த அன்று, குழாயைப் பிடித்திருந்தவர் என்பதால் ஆயாம்மாதான் திட்டு வாங்கினார்கள். பெற்றோர் பலர் இருந்த வரவேற்பறையில் வைத்தே திட்டு விழுந்தது. “படிக்காதவள் கையில் கொடுத்தால் இப்படித்தான்” என்ற சொல்லும் எங்கள் காதில் விழுந்தது. ஊற்றச் சொன்னது நாங்கள். எட்டு மாதம் சோம்பியிருந்தது நாங்கள். கேன் தண்ணீர் ஊற்றியதும் நாங்கள். “இவ்ளோ தண்ணிய ஒரேயடியா மாத்தலாமா பாப்பா?” என்று ஆயாம்மா கேட்டபோது, “உங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஊற்றுங்கள்” என்று சொன்னதும் நாங்களே. அவர்கள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள் கதவோரம் நின்றோம், வாய் திறக்கவில்லை.

இம்மலரில் இதை எழுதப் போகிறோம் என்று சென்ற வாரம் ஆயாம்மாவிடம் போய்ச் சொன்னோம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அட, விடுங்கம்மா. மீனு போனது போனதுதான். என் பேரு எதுக்கு புஸ்தகத்துல?” என்றார்கள். பெயரை எழுதவில்லை. ஆனால் திட்டியவர்களும் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

டிசம்பரோடு அனுமதி முடிகிறது. மார்ச் மாதம் பொதுத்தேர்வு எழுதிவிட்டு நாங்கள் போய்விடுவோம். ஒன்பதாம் வகுப்பில் நால்வருக்கு வேலை பழக்கி வைத்திருக்கிறோம். எத்தனை லிட்டர், என்ன சொட்டு, எந்தச் செடிக்கு எந்த வாரம் என்றெல்லாம் எழுதிய நோட்டும் தயார். மதர் அவர்கள் அந்த அட்டையை எடுக்க ஒப்புக்கொண்டால், ஜனவரி முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அச்சிறுமியர் வாளியோடு வரவேற்பறை வாசலில் நிற்பார்கள். எந்தச் செடிக்கு முதலில் ஊற்றுவது என்பதை ஆயாம்மா சொல்வார்கள்.